கரை ஒன்று, கோடு இருபது

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைத் துணிக்கடைகளில் ஓணத்துக்கு முந்தின வாரம் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே கேள்விதான் ஓடும்: இது எனக்கு எடுப்பாக இருக்குமா? போன வருஷம் சித்தியோடு போயிருந்தேன். பாலராமபுரம் செட்டு சாரி இரண்டை விரித்துப் போட்டார்கள். இரண்டும் சாயம் ஏறாத அதே பருத்தி நிறம். ஒன்றுக்குக் கசவுக்கரை, அதாவது பொன்சரிகைக் கரை, ஆறு இஞ்ச், மற்றதற்கு ஒரு இஞ்ச்.

சித்தி நல்ல குள்ளம். அகலக் கரைச் சாரியை உடம்பில் வைத்துப் பார்த்ததும் இன்னும் குள்ளமாகத் தெரிந்தார். சின்னக் கரைக்கு மாற்றினோம், ஆளே கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது. நம் கண் இஞ்ச் டேப் கிடையாது. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் மூளை அளவைக் கணிக்கிறது. காலடியில் பளபளவென்று அகலமாக ஒரு பட்டை வந்தால் பார்வை அங்கே நின்றுவிடும், அதற்கு மேலே உள்ளதுதான் ஆளின் உயரம் என்று படும்.

அப்புறம் சுடிதார் பக்கம் போனோம். குறுக்குக்கோடு போட்ட ஒன்றை நான் எடுத்ததும், "வேண்டாம் மக்களே, தடியா காட்டும்" என்றார் சித்தி. எல்லாரும் சொல்வதுதான். ஆனால் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867-லேயே இதற்கு நேர்மாறாக எழுதிவைத்திருக்கிறார். ஒரே அளவில் இரண்டு சதுரம். குறுக்குக்கோடுகளால் நிரப்பியது உயரமாகத் தெரியும், நெடுக்குக்கோடுகளால் நிரப்பியது அகலமாகத் தெரியும். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்ப்சன் இதை உடைகளில் சோதித்து 2011-ல் வெளியிட்டார். குறுக்குக்கோடு ஆளைக் குண்டாகக் காட்டவில்லை.

அப்படியானால் குறுக்கே போகும் கசவுக்கரை மட்டும் ஏன் குள்ளமாக்கியது? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒற்றைப் பட்டை உடம்பை இரண்டாக வெட்டுகிறது. இருபது கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கண் படி ஏறுவதுபோல் மேலே போகிறது. நிறைந்த இடம் வெறும் இடத்தைவிட நீளமாகத் தோன்றும். ஒன்று மட்டும், துணி இறுக்கமாக இருந்தால் கோடுகள் வளைந்து, உடம்பின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் வரைந்து காட்டிவிடும்.

நிறத்திலும் இதே ஒப்பீடுதான். பாரீஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப்பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்புச் சாயம் மங்குகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்து நிறம்தான் கறுப்பை மங்க வைத்தது என்று கண்டுபிடித்து, 1839-ல் பெரிய புத்தகமே எழுதினார். ஒவ்வொரு நிறமும் பக்கத்தில் இருப்பதைத் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும். முகத்துக்குப் பக்கத்தில் வருவது சாரியைவிட ரவிக்கைதான். அதனால் அதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பேன். நீலத்துக்கு எதிர்நிறம் மஞ்சள், அதனால் நீல ரவிக்கை மாநிறத்தில் உள்ள மஞ்சள் சாயலை எடுத்துக் காட்டும்.

சித்தி கசவுக்குப் பொருத்தமாக ஒரு மஞ்சள் பிளவுஸ் துண்டு எடுத்து வைத்திருந்தார். கடை விளக்கில் கச்சிதம். ஆனால் விளக்கொளியில் எல்லா நிறமும் வெயிலில் இருக்கிற விகிதத்தில் இருக்காது, உள்ளே ஒத்துப்போகும் இரண்டு சாயங்கள் வெளியே பிரிந்துவிடும். வாசலுக்குக் கொண்டுபோனோம். மஞ்சள் பச்சை அடித்தது. சித்தி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மயில்நீலத்தை எடுத்துக்கொண்டார்.