கேனபி: கொசுவலையிலிருந்து கவிகைக்கு

‘கேனபி’ (canopy) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? அதன் பூர்வீகத்தைத் தோண்டினால் கொசு வரும். கிரேக்கத்தில் ‘கோனோப்ஸ்’ என்றால் கொசு. கொசுவலை கட்டிய கட்டில் ‘கோனோபெயோன்’. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்வதற்குள் கொசு பறந்துபோய், கட்டிலுக்கு மேலே தொங்கும் துணி மட்டும் மிஞ்சியது. பிரெஞ்சுக்காரர்கள் துணியை விட்டுவிட்டுக் கீழே இருந்ததைப் பிடித்துக்கொண்டார்கள்: அவர்களுக்குக் ‘கனாப்பே’ என்றால் சோபா! மரத்தலைகள் சேர்ந்து கூரைபோல மூடுவதைக் குறிக்க வனவியலார் இதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

‘ட்ரீ கேனபி கவர்’ என்பது, நேர் மேலிருந்து பார்த்தால் நிலத்தில் எத்தனை சதவீதத்தை இலையும் கிளையும் மறைக்கின்றன என்ற கணக்கு. வானிலிருந்து எடுத்த படங்களை வைத்து அளப்பார்கள். தரையில் நின்று அளக்க உள்ளங்கையில் அடங்கும் வளைந்த கண்ணாடி ஒன்று உண்டு. அதில் 24 கட்டங்கள். மரத்தடியில் அதைப் பிடித்து, எத்தனை கட்டத்தில் இலை தெரிகிறது, எத்தனையில் வானம் தெரிகிறது என்று எண்ண வேண்டும்.

இதைத் தமிழில் ‘மரப்பரப்பு’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. மரம் நட்ட நிலத்தின் பரப்பு என்றுதான் அது காதில் விழுகிறது. முழங்கால் உயரக் கன்று ஆயிரம் நட்டுப் படம் எடுத்துக்கொண்டாலும் இந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் ஏறாது. லாஸ் ஏஞ்சலஸின் புகழ்பெற்ற பனை வரிசைகளும் அப்படித்தான். ‘பனை நிழலும் நிழலோ, பகைவர் உறவும் உறவோ’ என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இந்தச் சதவீதம் இப்போது அதிகம் பேசப்படுவதற்குக் காரணம், நிழல் எல்லாத் தெருவுக்கும் சமமாக இல்லை என்பதுதான். 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று நகர வரைபடங்களில் குடியிருப்புகளுக்கு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் போட்டது; ‘டி’தான் கடைசி. கறுப்பின மக்களும் குடியேறிகளும் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் ‘டி’ தரம், சிவப்பு நிறம். கடன் கிடைக்கவில்லை, முதலீடு வரவில்லை, மரமும் வரவில்லை. 37 நகரங்களை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வில், பழைய ‘ஏ’ பகுதிகளில் சராசரியாக 43 சதவீதமும் ‘டி’ பகுதிகளில் 23 சதவீதமும் மரநிழல் இருந்தது. 108 நகரங்களை எடுத்துக்கொண்ட இன்னொரு ஆய்வில், சிவப்புப் பகுதிகளின் தரை மற்றவற்றைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சுட்டது. இத்தகைய பகுதிகளை முன்னிறுத்தி நகரங்களில் மரம் வளர்க்க 2022-இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று 150 கோடி டாலர் ஒதுக்கியது.

தமிழில் என்ன சொல்வது? ‘விதானம்’ வடசொல்தான், ஆனால் ‘நீல விதானத்து’ என்று சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை; என்ன, கல்யாணப் பந்தல் ஞாபகம் வரும். என் தேர்வு ‘கவிகை’. இருள் கவிகிறது, மேகம் கவிகிறது என்கிறோமே, அந்தக் ‘கவி’தான் வேர்: மேலே வளைந்து மூடுவது. வள்ளுவர் இதைக் குடைக்கு ஆண்டிருக்கிறார்: ‘கவிகைக்கீழ்த் தங்கும் உலகு’ (குறள் 389). அங்கே அது அரசனின் குடை.

ஆகவே ‘மரக்கவிகை’. அளவைச் சொல்லும்போது, ‘இந்தத் தெருவின் மரக்கவிகை 8 சதவீதம்’ என்று எழுதலாம். ‘பரப்பு’ என்று தனியாக ஒட்டத் தேவையில்லை.