எத்தனை ஜிபி என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

"அண்ணே, நாலு ஜிபி விஜிஏ கார்ட் போட்டிருக்கு. ஆனா கேம் இழுத்து இழுத்துத்தான் போகுது. வைரஸ் கிய்ரஸ் ஏதாவது இருக்குமா?"

இந்த மாதமும் இதே கேள்வி. வைரஸெல்லாம் இல்லை தம்பி. விஜிஏ கார்ட் என்றால் கேமின் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் பலகை. கேசிங்கைத் திறந்தால் உள்ளே இருப்பது ஜிடி 730. 2014இல் வந்த கார்ட். வந்த நாளிலேயே அது பெரிய கேம்களுக்கென்று வந்ததல்ல. படம் பார்க்கலாம், இரண்டாவது மொனிட்டர் பூட்டலாம், அவ்வளவுதான். ஆனால் பெட்டியில் '4 ஜிபி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பக்கத்தில் வாள் பிடித்த வீரன் படம் வேறு. ஓ/எல் எழுதி முடித்த பையன், அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த காசு. ஹட்டனில் கம்பியூட்டர் திருத்திப் பிழைக்கிற எனக்கு, அந்த அம்மாவை உட்கார வைத்து "இது கேம் விளையாடுற கார்ட் இல்லைங்கம்மா" என்று சொல்வதைப் போல வெறுப்பான வேலை வேறில்லை. பையன்கள் இதை வாசித்தால் நல்லது. காசு கொடுக்கிறவர்கள் வாசித்தால் இன்னும் நல்லது.

ஜிபி என்பது கார்டின் பலம் இல்லை. தலைகீழாக நின்று சொன்னாலும் இதை யாரும் நம்புவதில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அந்த 4 ஜிபி, 8 ஜிபி எல்லாம், கேமுக்கு வேண்டிய படங்களைக் கார்ட் தன் கைக்கெட்டும் தூரத்தில் போட்டு வைக்கும் இடம். வேலை செய்வது கார்டின் மூளையான சிப். அந்த இடத்திலிருந்து சிப்புக்கு எவ்வளவு வேகமாகச் சரக்கு போய்ச் சேருகிறது என்பது இன்னொரு கணக்கு. தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியை எவ்வளவு அகலமாகக் கட்டினாலும், கீழே ரோலர் ஒன்றுதான் ஓடுகிறது என்றால் தூள் கூடவா விழப்போகிறது?

எண்ணாகச் சொன்னால்தான் சிலருக்கு உறைக்கும். 64 பிட் அகலப் பாதையும் டிடிஆர்3 என்ற மெதுவான வகை நினைவகமுமாக வரும் ஜிடி 730இல் ஒரு செக்கனுக்கு 14.4 ஜிபி போய்வரும். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650இல் 128 ஜிபி. இரண்டிலும் '4 ஜிபி' என்றுதான் எழுதியிருக்கும். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு வித்தியாசம், அதுவும் சிப்பின் வித்தியாசத்தைச் சேர்க்காமல். ஜிடி 1030இல் கதை இன்னும் மோசம். 2017இல் ஜிடிடிஆர்5 என்ற வேகமான நினைவகத்தோடு வந்தபோது 48 ஜிபி வேகம். அடுத்த வருடமே அதே பெயரில் டிடிஆர்4 போட்டு இன்னொன்றை விட்டார்கள், அதன் வேகம் 16.8 ஜிபி. பெயரும் 2 ஜிபியும் மாறவில்லை. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதை வாசிக்காதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வேகம்தான் கிடைக்கும்.

"அப்ப ஜிபி பார்க்கவே தேவையில்லையா அண்ணே?" என்று அடுத்த கேள்வி வரும். தேவை. சிப்பைப் பார்த்த பிறகு பார்க்க வேண்டியது அது. இப்போதைய பெரிய கேம்களுக்கு 1080பி என்ற சாதாரணத் திரை அளவில் கூட 4 ஜிபி இறுக்கம், 8 ஜிபி இருந்தால் மூச்சு விடலாம். நிறைந்து வழிந்தால் கார்ட் கம்பியூட்டரின் சாதாரண நினைவகமான ரெம்மில் இடம் தேடிப் போகும், அப்போதுதான் அந்த வெட்டி வெட்டிப் போகிற தொல்லை. ஆனால் ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி, 3060 டிஐயில் 8 ஜிபி. பெரும்பாலான கேம்களில் முந்துவது 8 ஜிபிகாரன்தான். ஆர்டிஎக்ஸ் 3050ஐ 8 ஜிபியிலும் 6 ஜிபியிலும் விற்கிறார்கள். குறைந்திருப்பது 2 ஜிபி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். சிப்புக்குள் கணக்குப் போடும் கோர்களை 2560இலிருந்து 2304ஆக வெட்டி, நினைவகப் பாதையையும் 128 பிட்டிலிருந்து 96 ஆக்கியிருக்கிறார்கள். 6 ஜிபி கார்டுக்குத் தனி பவர் வயர் வேண்டாம் என்பதால் பழைய அலுவலகக் கம்பியூட்டரில் பூட்ட நல்லது. அதற்காக 8 ஜிபி கார்டின் விலைக்குப் பக்கத்தில் கொடுத்து வாங்காதீர்கள்.

"கூட்டாளி வீட்டில் இதே 730இல் ஓடுதே" என்பார்கள். என்ன ஓடுகிறது? வேலரன்ட். அது பழைய கம்பியூட்டர்களிலும் ஓடவேண்டும் என்றே செய்த கேம், ஓடத்தான் செய்யும். அதை வைத்து மற்றதை அளக்காதீர்கள். ஜிடி 730இல் பெரும்பாலானவற்றில் இருக்கும் கெப்லர் வகைச் சிப்புக்கு 2021 ஒக்டோபரோடு புதிய கேம் டிரைவர்களையும் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) அந்தச் சிப்பைச் செய்த என்விடியா நிறுத்திவிட்டது.

காசு உண்மையிலேயே போதாது என்றால் கார்டே வாங்காதீர்கள். ரைசன் 5 5600ஜி மாதிரி, படம் காட்டும் பகுதியை உள்ளேயே வைத்திருக்கும் புரொசசர் ஒன்றை எடுத்து, 8 ஜிபி ரெம் இரண்டு போடுங்கள். ஒரே 16 ஜிபி ரெம் வேண்டாம், இரண்டாகப் போட்டால்தான் பாதை இரட்டிக்கும். ஜிடி 730ஐ விட நன்றாகவே ஓடும். சம்பளம் சேர்ந்த பிறகு நல்ல கார்டாக ஒன்று வாங்கிப் பூட்டலாம்.

இனி பழைய கார்டுகள். 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டதிலிருந்து மலையகத்தில் பாதிப் பேர் செகண்ட் ஹாண்ட் பக்கம் போய்விட்டார்கள். 2024 ஜனவரியில் வாட் வரி 18 வீதமானபோது மீதிப் பேரும். அதில் பிழை சொல்ல மாட்டேன், நானே பூட்டிக் கொடுக்கிறேன். ஆனால் சந்தையில் இருப்பதில் ஒரு பகுதி பச்சைப் பொய். 2010இல் வந்த ஜிடிஎஸ் 450இன் பயோஸை (கார்டின் பெயர் பதிந்திருக்கும் உள் மென்பொருள்) மாற்றி எழுதி, 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும், ஏமாந்துவிடும். கேம் கொஞ்சம் அதிக நினைவகம் கேட்டதும் திரை கறுக்கும். கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய மொனிட்டர் பூட்டும் நீல நிறப் போர்ட் இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். 1050 டிஐயின் சிப்பில் அந்த வகை வெளியீடே கிடையாது. பிறகு ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். போலி என்று கண்டுபிடித்தால் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று அதுவே போடும். உண்மையான 1050 டிஐயில் கோர்கள் 768, ஜிடிஎஸ் 450இல் 192.

ஆர்எக்ஸ் 580 வாங்குகிறவர்களும் அதே ஜிபியூ-இசட் திரையில் கோர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 2304 என்றிருக்க வேண்டும். 2048 என்றிருந்தால் அது 580இன் பெயரில் வரும் 570. கெட்ட கார்ட் என்று சொல்லவில்லை, 570இன் விலையைக் கொடுங்கள் என்கிறேன். 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றியதோடு கார்டை ஓடவிட்டு அந்த இணைய நாணயத்தைச் சம்பாதிக்கும் 'தோண்டும்' தொழில் முடிந்தது. ராப்பகலாக ஓடிய கார்டுகள் கூட்டம் கூட்டமாக விலைக்கு வந்தன. தோண்டிய கார்ட் எல்லாமே செத்த கார்ட் என்பதும் பயந்த பேச்சுதான். விசிறி ஆட்டம் காண்கிறதா, கேமோ, கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளோ கால்மணி நேரம் ஓடும்போது சூடு எங்கே போய் நிற்கிறது, திரையில் புள்ளிகள் வருகிறதா, இவ்வளவும் பார்த்தால் போதும். விற்கிறவர் "கரண்ட் இல்லை, மொனிட்டர் இல்லை, வீட்டில் போய்ப் போட்டுப் பாருங்க" என்றால் வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறிவிடுங்கள்.

பவர் சப்ளையைப் பற்றிச் சுருக்கமாக. கேசிங்கோடு சும்மா வரும் '500 வாட்ஸ்' பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள், வெறும் பெட்டி மாதிரி இருக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 தனியாகவே 170 வாட்ஸ் இழுக்கும். அந்தக் கார்டுக்குப் போகும் எட்டுப் பின் வயர் இல்லையென்று ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து அடாப்டர் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஐயா, சாட்டா பிளக் ஒன்று தாங்குவது 54 வாட்ஸ். எட்டுப் பின் கேட்பது 150 வரை. அண்மையில் ஒன்றைக் கழற்றினேன், கழரவில்லை. மஞ்சள் வயரின் மேல்தோல் பழுப்பாகி, கறுப்பு பிளாஸ்டிக் பின்களோடு சேர்ந்து ஒட்டி, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அது நடு இரவில் லயத்துப் பலகைச் சுவருக்குப் பக்கத்தில் பற்றியிருந்தால்? தயவுசெய்து அந்த அடாப்டர்களைத் தூக்கிப் போடுங்கள்.

புதுக் கார்ட் போட்டும் வித்தியாசமே இல்லை என்று வருகிறவர்களில் சிலருக்கு வைத்தியம் ஒரு நிமிடம்தான். மொனிட்டர் வயரை மதர்போர்டில் செருகியிருக்கிறார்கள். கார்டில் செருகுங்கள். இதற்கு நான் காசு வாங்குவதில்லை, சிரிக்காமலிருக்கவும் முயற்சி செய்கிறேன்.

இன்னொன்று. 1,868 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகை குளிரில் இருக்கும் நுவரெலியாவில், திரவம் ஓடவிட்டுச் சூட்டைக் குறைக்கும் லிக்விட் கூலர் எதற்கு? கொழும்பில் இருப்பவன் வேர்வையில் வாங்குகிறான். நீங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாங்குகிறீர்கள். அந்தக் காசைக் கார்டில் போட்டால் ஒரு படி மேலே போகலாம்.

கேமும் படமும் சேமித்து வைக்கும் டிரைவிலும் இதே நோய்தான், அங்கே ஜிபிக்குப் பதில் டிபி. எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகமான டிரைவ்) போட்டால் எஃப்பிஎஸ் (ஒரு செக்கனில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) கூடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கூடாது. கேம் சீக்கிரம் திறக்கும், புதிய இடத்துக்குள் ஓடும்போது தடுமாறாது, அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம், ஆகவே விண்டோஸும் கேமும் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும். சாட்டா எஸ்எஸ்டி செக்கனுக்கு 550 எம்பி, அதைவிட வேகமான வகையான என்விஎம்ஈ, மூன்றாம் தலைமுறையில், 3,500 வரை. இந்த இரண்டுக்கும் நடுவில் கேம் திறக்கும் நேரத்தில் பெரும்பாலும் சில செக்கன்தான் மாறும். பழைய மதர்போர்டில் 7,000 எம்பி டிரைவ் வாங்கிப் போடுவது வீண், மதர்போர்ட் அனுமதிக்கும் வேகத்தில்தான் ஓடும். வாங்க முன் மதர்போர்டின் மொடலைச் சொல்லுங்கள். மதர்போர்டில் எஸ்எஸ்டி செருகும் எம்.2 துளையில் பொருந்துகிறது என்பதால் வேலை செய்யும் என்றில்லை, சில துளைகள் சாட்டாவை மட்டும் எடுக்கும், சில என்விஎம்ஈயை மட்டும். 1 டிபி வாங்கியவருக்கு விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் மீதியை நான் களவெடுக்கவில்லை. விற்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது.

களவு வேறிடத்தில் நடக்கிறது. இணையத்தில் விளம்பரம் பார்த்து வாங்கிய '16 டிபி' வெளி எஸ்எஸ்டி ஒன்று வந்தது. கையில் நல்ல கனம். நான்கு திருகாணியைக் கழற்றினால் உள்ளே விரல்நகம் அளவு மெமரி கார்ட் ஒன்று, பசை ஊற்றி ஒட்டிய சின்னப் பலகை, கனத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. விண்டோஸ் 16 டிபி என்று நம்பும். உண்மையான இடம் நிறைந்த பிறகு புதிதாக எழுதுவது பழையதை அழித்துக்கொண்டே போகும், பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழாப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. திறந்தால் சாம்பல் கட்டம். அதை மீட்க என்னாலும் முடியாது, யாராலும் முடியாது, ஏனென்றால் அவற்றின் மேலேயே வேறு எழுதப்பட்டுவிட்டது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவை முழுக்க நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்க்கும். பெரிய டிரைவுக்கு இரவு முழுக்கப் போகும், போகட்டும். அது முடியும்வரை ஒரு படம் கூடப் போடாதீர்கள்.

பழைய ஹார்ட் வாங்கினால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஓடிய மணித்தியாலத்தைப் பாருங்கள். ஒரு வருடம் நிற்காமல் ஓடினால் 8,760. சிசிடிவி பெட்டிகளில் ஓடிக் களைத்தவை '1 டிபி, சுப்பர் கண்டிஷன்' என்று வருகின்றன. மஞ்சள் எச்சரிக்கை இருந்தால் பேரம் பேசக்கூட வேண்டாம்.

புதிதாக வாங்கினால் பில்லில் கார்டின் முழுப் பெயர், நினைவக வகை, சீரியல் இலக்கம், வாரண்டிக் காலம் நான்கும் எழுதி வாங்குங்கள். 'விஜிஏ 4 ஜிபி' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு யாரிடமும் நியாயம் கேட்க முடியாது. ஒழுங்கான பில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். கொழும்புக்குப் போய்வரும் செலவுக்குப் பயந்து பேசாமல் இருந்துவிடுகிறோம் என்பது விற்கிறவருக்கும் தெரியும்.

பூட்டியான பிறகும் ஒரு வேலை இருக்கிறது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி தொடங்கினால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு உட்காராதீர்கள், பிளக்கைக் கழற்றுங்கள். எர்த் இல்லாத வயரிங் என்றால் யூபிஎஸ்ஸை நம்பி இருக்காதீர்கள், முதலில் எர்த்தைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரூட்டரிலிருந்து வரும் வயரையும் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு அதை மறந்தவர்களின் மதர்போர்டுகள்தான் ஒவ்வொரு மழைக்காலமும் அந்த வயர் செருகும் லேன் போர்ட் கருகி என் மேசைக்கு வருகின்றன.