புரொடக்ஷன் கார்னா என்ன? தமிழ்ல எப்படிச் சொல்றது?

உலகத்துலயே வேகமான கார் எதுன்னு பேச்சு வந்தா போதும், கொஞ்ச நேரத்துல யாராவது ஒருத்தர் "அது புரொடக்ஷன் காரே கெடையாதே"ன்னு சொல்லிடுவாங்க, அங்கதான் சண்டை ஆரம்பிக்கும். இந்தப் போட்டியில எஞ்சினப் பத்தி நடந்த வாக்குவாதத்த விட இந்த ஒரு சொல்லப் பத்தி நடந்ததுதான் அதிகம்னு எனக்குத் தோணுது. தமிழ்ல பல பேர் இத "உற்பத்தி கார்"னு எழுதுறாங்க. அப்படி எழுதினா படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் விளங்காது, ஏன்னா எல்லாக் காரும் யாரோ உற்பத்தி பண்ணதுதானே, ரேஸ் கார் மட்டும் என்ன மரத்துல காய்ச்சுதா?

புரொடக்ஷன்ங்குற சொல்லோட மூலம் லத்தீன். புரோன்னா முன்னால, டூகெரேன்னா நடத்திக் கூட்டிட்டு வர்றது, ரெண்டும் சேர்ந்தா முன்னால கொண்டுவந்து நிறுத்துறது. அதுலேர்ந்து ஒரு பொருளச் செய்யறது, அப்புறம் தொழிற்சாலையில மொத்தமா செய்யறதுன்னு அர்த்தம் நகர்ந்து வந்துச்சு. கார் ஆளுங்க வாயில அது இன்னும் குறுகிடுச்சு: ஒரே டிசைன்ல திரும்பத் திரும்பச் செஞ்சு, ரோட்டுல ஓட்ட அனுமதி வாங்கி, காசு குடுக்குறவங்களுக்கு விக்கிற கார். ஜெட் எஞ்சின் ரெண்டு மாட்டுன த்ரஸ்ட் எஸ்எஸ்சி 1997ல நெவாடா பாலைவனத்துல மணிக்கு 1,227 கிமீ தாண்டுச்சு, ஆனா அத யாரும் இந்தப் பட்டியல்ல சேக்க மாட்டாங்க, அது வேற போட்டி.

சரி, "விக்கிற கார்"னா எவ்வளவு தூரம் அதே கார்? இங்கதான் பெரிய சிக்கல். 2010ல புகாட்டி வெய்ரான் சூப்பர் ஸ்போர்ட் ஜெர்மனியில எரா-லெஸ்ஸியன் டிராக்ல ரெண்டு பக்கமும் ஓடி சராசரியா மணிக்கு 431.07 கிமீ எடுத்துச்சு. ஆனா வாங்குறவங்க கைக்குப் போற காருக்கு டயர் தாங்கணும்னு 415லயே லிமிட்டர் (அதுக்கு மேல வேகம் போகாம தடுக்குற ஏற்பாடு) போட்டுட்டாங்க, அதாவது சாதனை பண்ண காரும் ஷோரூம்ல குடுத்த காரும் ஒரே வேகம் போகாது. 2013 ஏப்ரல்ல கின்னஸ் இதக் காரணம் காட்டி சாதனைய ரத்து பண்ணுச்சு, கொஞ்ச நாள்லயே லிமிட்டர மாத்துனா காரோட அடிப்படை டிசைன் மாறாதுன்னு சொல்லி திருப்பிக் குடுத்துடுச்சு. எனக்கு அந்த முதல் முடிவுதான் சரின்னு படுது, வாங்குனவரால போக முடியாத வேகத்த எப்படி அந்தக் காரோட வேகம்னு சொல்றது? மெக்லாரன் எஃப்1 மேலயும் இதே கேள்வி உண்டு, 1998ல ரேஸ் ஓட்டுநர் ஆண்டி வாலஸ் 386.4 கிமீ ஓட்டுனப்ப எஞ்சின் சுத்துற வேகத்துக்கான வரம்ப ஏத்தி வெச்சுதான் ஓட்டுனாங்க.

அடுத்தது எண்ணிக்கை. எத்தன கார் செஞ்சா அது புரொடக்ஷன்? எல்லாரும் ஒத்துக்கிட்ட கணக்குன்னு ஒண்ணும் இல்ல. 2014ல ஹென்னஸி வெனம் ஜிடி கென்னடி விண்வெளி மையத்து ஓடுபாதையில 435.31 கிமீ தொட்டுச்சு, வெய்ரானோட சராசரிய விட அதிகம், ஆனாலும் கின்னஸ் ஏத்துக்கல, ஒரே திசையில மட்டும் ஓடுனது ஒரு குறை, கின்னஸ் கேட்ட 30 கார் எண்ணிக்கை வராதது இன்னொண்ணு. திசை ஏன் முக்கியம்னு கோனிக்செக் அகேரா ஆர்எஸ் பண்ணதப் பாத்தா புரியும். 2017 நவம்பர்ல நெவாடாவுல ரோட்ட அடைச்சு அந்தக் கார ஓட்டுனப்ப ஒரு பக்கம் 457.9, திரும்பி வர்றப்ப 436.4, அதே கார், அதே நாள், அதே ரோடு, வித்தியாசம் 21 கிமீக்கு மேல! காத்தும் ரோட்டுச் சரிவும் பண்ற வேலை அது. அதனாலதான் ரெண்டையும் சேத்து 447.19னு சராசரி எழுதுறாங்க.

இப்ப தமிழுக்கு வருவோம். உற்பத்தி சமஸ்கிருதத்துலேர்ந்து வந்தது, தயாரிப்புல இருக்குற "தயார்" உருது வழியா வந்தது. ரெண்டும் நமக்குப் பழகிப்போச்சு, அதுல எனக்குக் கோவம் இல்ல, ஆனா "திரும்பத் திரும்ப அதே மாதிரி"ங்குற கருத்து ரெண்டுலயுமே இல்ல, அதுதான் குறை. ஜெர்மன்காரங்க இத ஸேரியன்வாகன்னு சொல்றாங்க, தொடரா வர்ற வண்டி. அதுல முன்னால இருக்குற ஸேரிங்குற சொல்லுக்கு மூலமான லத்தீன் வினைக்கு கோக்குறது, இணைக்கிறதுன்னு அர்த்தம். நம்ம "தொடர்" பக்கத்துலயே "தொடு" நிக்குது பாருங்க, பூ தொடுக்குறோம்ல, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அதே மாதிரி. அதனால எழுத்துல தொடராக்க மகிழுந்து, பேச்சுல தொடர் தயாரிப்பு கார், இது ரெண்டும்தான் என் தேர்வு. சிலர் "வணிக மகிழுந்து"ன்னு எழுதுறாங்க, அது வேண்டாம், வாடகை வண்டின்னு நெனச்சுக்குவாங்க.

இன்னும் தொடராக்கத்துக்கு வராத வண்டிக்கு "முன்மாதிரி"ன்னு ஏற்கனவே நல்ல சொல் இருக்கு. 2019ல புகாட்டி சிரோன் 490.48 கிமீ போனதப் பத்தி எழுதுறப்ப "முன்மாதிரி, ஒருவழி ஓட்டம்"னு ரெண்டையும் சேத்தே எழுதுங்க, ஏன்னா அதுக்கப்புறம் வித்த 30 காருக்கும் 440லயே லிமிட்டர் இருந்துச்சு. 2025 செப்டம்பர்ல சீனாவோட யாங்வாங் யூ9 எக்ஸ்ட்ரீம் ஜெர்மனியில பாப்பன்பர்க் டிராக்ல எடுத்த 496.22 கிமீக்கும் "ஒருவழி"ங்குற சொல்ல விட்டுடாதீங்க.