எரிமலையில் மரத்துக்கு என்ன வேலை?

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டு வாசற்கதவு இறுகிவிடும். சென்னையில் பழைய மரக்கதவு இருக்கும் பல வீடுகளில் இதே பாடுதான். தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் மூடும். பனிக்காலம் கழிந்து காற்று உலர்ந்ததும் தானாகவே சரியாகிவிடும். எரிமலை பார்க்க வருகிறவர்கள் நிற்க ஒரு மரமேடை கட்ட வேண்டும் என்றால், முதலில் இந்தக் கதவைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நெருப்பு மலையில் போய் மரமா என்று கேட்கத் தோன்றும். பசால்ட் என்ற கரும்பாறையாக உறையும் எரிகுழம்பின் வெப்பம் 1,100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; மரமோ 300 டிகிரியை ஒட்டியே பற்றிக்கொள்ளும். ஆனால் குழம்பு வந்து தொடுகிற இடத்தில் இரும்பும் கான்கிரீட்டும்கூடத் தப்பாது. அங்கே மேடையே கூடாது. மேடை நிற்கத் தகுந்த தூரத்துக்கு வந்துவிட்டால், எதிரிகள் வேறு: வாயு, ஈரம், சாம்பல், காலடி மண்.

எரிமலை மூச்சில் கந்தக டை ஆக்சைடு உண்டு, ஹைட்ரஜன் குளோரைடும் வரும். பனியிலும் மழையிலும் கரைந்து இவை அமிலமாகின்றன. இரும்பின் மேல் பூசிய துத்தநாக முலாமை அமிலம் முதலில் தின்னும், பிறகு இரும்பைத் தின்னும். பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த ஜன்னல் கம்பிகளை உப்புக்காற்று என்ன செய்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மரம் அப்படியல்ல. நீர்த்த அமிலம் அதை மெதுவாகத்தான் அரிக்கும். அதனால்தான் ரசாயன ஆலைகளில் மரத்தொட்டிகளைப் பயன்படுத்தினார்கள். பல ஆண்டு போனால் மேற்பரப்பு நார் பிரிந்து சொரசொரக்கும். ஆனால் உள்ளே உத்திரத்தின் பலம் அப்படியே இருக்கும்.

ஆக, மரமேடையின் பலவீனமான இடம் மரம் அல்ல, அதைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்பு. தேக்குப் பலகையில் சாதாரண ஆணி அடித்து ஒரு மழைக்காலம் வெளியே விட்டுப் பாருங்கள். ஆணித்தலைக்குக் கீழே கண்மை வழிந்தது போல ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்த கறை அது. ஆணி கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் கடற்கரைக்காரர்கள் கட்டைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டியே கடலில் இறங்கினார்கள். கட்டுமரம் என்ற பேரே அதிலிருந்து வந்ததுதான். மேடையிலும் முடிந்த இடமெல்லாம் மரத்தோடு மரத்தைக் கோத்து முளை அடிக்கலாம். போல்ட் தவிர்க்க முடியாத இடத்தில் கடல் வேலைக்குப் போடும் 316 ரக எவர்சில்வர் வேண்டும். அதையும் ஆண்டுதோறும் பார்த்து, அரிப்புப் புள்ளி விழுந்தால் மாற்ற வேண்டும்.

இப்போது அந்தக் கதவுக்கு வருவோம். ஈரம் ஏறினால் மரம் அகலத்தில் உப்பும், நீளத்தில் ஏறக்குறைய அசையாது. மரத்துக்குள் இருக்கும் ஈரம் 10 சதவீதம் ஏறி இறங்கினால் 150 மில்லிமீட்டர் பலகை 3, 4 மில்லிமீட்டர் வரை விரிந்து சுருங்கும். இடைவெளி விடாமல் பலகைகளை நெருக்கி அடித்தால் ஒன்றையொன்று நெம்பி மேலே தூக்கிவிடும். விட்ட இடைவெளி வழியாக நீரும் சாம்பலும் கீழே விழுந்துவிடும் என்பது இன்னொரு லாபம்.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை தலைகாட்டாது. இதில் ரொம்பக் கவனிக்க வேண்டியது வெட்டுமுகம், அதாவது நார்களின் நுனி தெரியும் முனை. ஒரு மரத்துண்டைத் தட்டுத் தண்ணீரில் செங்குத்தாக நிற்க வைத்தால் ஈரம் நார்வழியே விறுவிறுவென மேலே ஏறும். படுக்க வைத்தால் அவ்வளவு வேகம் இருக்காது. அதனால் தூணை மண்ணில் நடவே கூடாது. தரைக்கு மேலே தூக்கிய உலோகக் காலணியில் நிறுத்தி, அடியில் காற்றோட வழி விட வேண்டும். தூணின் தலையில் ஒரு சரிவான மூடி போட வேண்டும்.

காலடி மண்ணைப் பார்த்தால் பாறை போலத் தெரியும், நம்பக் கூடாது. உறைந்த எரிகுழம்பின் ஓட்டுக்குக் கீழே குழம்பு வடிந்துபோன குகைக்குழாய் இருக்கலாம். ரேடார் வைத்து உள்ளே பார்த்த பிறகுதான் துளை போட வேண்டும். நீராவி கசியும் இடத்தை விட்டு விலக வேண்டும். மரம் எடை குறைவு என்பதால் சின்னச் சின்ன அஸ்திவாரங்களே போதும், மலையையும் அதிகம் குடைய வேண்டியதில்லை.

சாம்பல் என்றதும் அடுப்புச் சாம்பலை நினைக்க வேண்டாம். இது பொடியான பாறை, கண்ணாடி. 10 சென்டிமீட்டர் படிந்து மழையில் நனைந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ வெடித்த அன்றே புயல்மழையும் வந்தது. நனைந்த சாம்பலின் பாரத்தில் கூரைகள் இடிந்துதான் பலர் இறந்தார்கள். கூட்டம் நிற்கும் தளத்தை இந்திய விதிப்படி சதுர மீட்டருக்கு சுமார் 500 கிலோ தாங்கும்படி கணக்கிடுகிறோம், அதற்கு இந்தச் சாம்பல் பெரிய பாரமல்ல. ஆள் ஏறாத தட்டைக் கூரைக்கு அதே விதி கேட்பது சுமார் 75 கிலோதான். என் கருத்து, மேடைக்குக் கூரையே வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் சாம்பல் வழுக்கி விழும் அளவுக்குச் செங்குத்தாகப் போடுங்கள்.

இடம் தேர்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். விளிம்புக்கு அருகே போனால்தான் காட்சி, ஆனால் அந்த விளிம்புதான் முதலில் சரியும். 2018இல் ஹவாயின் கிலாவியா எரிமலையில் உச்சிப்பள்ளத்தின் தளம் சுமார் 500 மீட்டர் கீழே இறங்கியது. தொடர் நில அதிர்வுகளில் விளிம்பையொட்டி இருந்த ஜாகர் அருங்காட்சியகம் சேதமாகி, பிறகு திறக்கவே இல்லை. கல்லும் சிமெண்டுமாகக் கட்டியதை அங்கிருந்து நகர்த்த முடியாது. மரமேடையில் ஒவ்வொரு உத்திரத்துக்கும் எண் குறித்து, கழற்றி மாட்டும்படி கோத்திருந்தால், மலை எச்சரிக்கை கொடுக்கும்போது பிரித்து லாரியில் ஏற்றி, இன்னும் 200 மீட்டர் தள்ளி மறுபடி பூட்டிவிடலாம்.