பேஸ்ட் என்றால் ஒட்டு, இணை அல்ல

லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளைகளைத் தமிழில் விளக்கும் பாடக்குறிப்பு ஒன்று போன வாரம் கைக்கு வந்தது. ‘பேஸ்ட்: கோப்புகளை இணைக்கும் கட்டளை’ என்று அதில் இருந்தது. இரண்டு வரி தள்ளி ஜாயின் (join) கட்டளைக்கும் அதே விளக்கம். மேலே கேட் (cat) கட்டளைக்கும் அதேதான். மூன்றுக்கும் ஒரே சொல் என்றால் படிக்கிற பிள்ளை எதை எடுத்து ஓட்டும்?

பேஸ்ட்டின் கதை சின்னது. கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த ‘பாஸ்டா’ என்றால் பிசைந்த மாவு. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் பசை ஆயிற்று, பிறகு ஒட்டும் செயலும் ஆயிற்று. மைதா காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டுகிற நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

கட்டளையின் வேலையும் அதுவே. முதல் கோப்பின் முதல் வரிக்குப் பக்கத்தில் இரண்டாம் கோப்பின் முதல் வரியை வைக்கும், நடுவில் ஒரு டேப் (tab) இடைவெளி. அப்புறம் இரண்டாம் வரிக்கு இரண்டாம் வரி. எந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. ஒரு கோப்பு முன்னதாகத் தீர்ந்துவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தொடரும்.

‘இணை’ அப்படிப்பட்ட சொல்லா? இணையடி என்றால் ஒன்றுக்கொன்று சோடியான இரண்டு பாதங்கள். இணையற்றது என்றால் ஈடு இல்லாதது. பொருத்தம் பார்த்துச் சோடி சேர்ப்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். அது ஜாயினுக்குத்தான் அச்சாகப் பொருந்தும். இரண்டு கோப்புகளிலும் பொதுவாக உள்ள புலத்தை, அதாவது பதிவெண் மாதிரி ஒன்றை, ஒப்பிட்டுப் பார்த்து ஒத்த வரிகளை மட்டும் அது சேர்க்கிறது. அதற்காகவே கோப்புகளை முதலில் அந்தப் புலத்தின்படி வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. பேஸ்ட்டையும் ‘இணை’ என்று படித்த ஒருவர், பெயர்ப் பட்டியலையும் மதிப்பெண் பட்டியலையும் வரிசை சரிபார்க்காமல் அதனிடம் கொடுத்தால் ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் பெயருக்குப் போய்விடும். பிழைச்செய்தியும் வராது. சொல் செய்த தவறு அது.

இணை இப்போது எல்லாவற்றுக்கும் மலிந்துவிட்டது. மின்னஞ்சலோடு வரும் கோப்பு இணைப்பு, சொடுக்கும் சுட்டி இணைப்பு, கம்பி வழி வருவதும் இணைப்பு. மொழிபெயர்க்கிறவர்கள் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இது நேராது. அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தனித்தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தெளிவில்லாத தனித்தமிழைவிட ‘பேஸ்ட்’ என்றே எழுதிவிடுவது மேல்.

நல்ல வேளையாக அந்த நிலை இங்கே இல்லை. ‘ஒட்டு’ இருக்கிறது. ஆற்றை ஒட்டிய தெரு என்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் என்ற பொருள் அதற்குள்ளேயே கிடக்கிறது. ஒட்டு மாங்கன்றில் இரண்டு மரமும் தன் தன் இயல்போடு நிற்கின்றன, பேஸ்ட் செய்த நெடுவரிசைகள் போல. ஒரு கோப்பின் முடிவில் அடுத்த கோப்பைத் தொடரவைக்கும் கேட் கட்டளைக்குத் ‘தொடு’ போதும்: ‘கன்கேட்டினேட்’ என்ற அதன் முழுப்பெயரில் சங்கிலி என்று பொருள்படும் லத்தீன் சொல் இருக்கிறது, நாம் பூத் தொடுக்கிறோம்.

நகலெடுத்து ஒட்டுவதோடு குழம்பும் என்று சிலர் ‘பக்கவாட்டு இணைப்பு’ என்கிறார்கள். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தானே, அங்கே யார் குழம்பினார்கள்? தவிர, இந்தக் கட்டளைக்கு ‘-எஸ்’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் ஒரே கோப்பின் வரிகளை எல்லாம் ஒரே வரியாக்கிவிடும். அங்கே பக்கவாட்டில் வைக்க இன்னொரு கோப்பே இல்லை. அந்தப் பெயர் அங்கேயே உடைகிறது. அதோடு ‘-டி’யும் கொடுத்து நடுவில் கூட்டல் குறி வைத்தால், வரிக்கு ஒன்றாக இருந்த எண்கள் 12+7+30 என்று ஒட்டிக்கொண்டு நிற்கும், அப்படியே கணக்குப் போடும் பிசி (bc) கட்டளைக்கு அனுப்பினால் 49 வரும்.