டைவர்ஷன்: ஆயுத மடைமாற்றம்

'லார்ட் ஆஃப் வார்' (2005) படத்தில் ஒரு கப்பல் காட்சி உண்டு. ஆயுதப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் கப்பலை நடுக்கடலில் இன்டர்போல் நெருங்குகிறது. ஆயுத வியாபாரி யூரி ஆர்லோவ் (நிக்கோலஸ் கேஜ்) ஒரு மாலுமியைக் கயிற்றில் தொங்கவிட்டு, முகப்பில் இருக்கும் 'கிறிஸ்டல்' என்ற பெயரை அழித்து 'கோனோ' என்று எழுத வைக்கிறான். புதுப் பெயருக்கு நெதர்லாந்துக் கொடி வேண்டும். கப்பலில் இருப்பதோ பிரான்ஸ் கொடி. அதையே பக்கவாட்டில் திருப்பிக் கட்டுகிறார்கள். நெட்டுவாக்கில் இருந்த மூன்று நிறங்களும் படுக்கைவாட்டில் வந்துவிட, நெதர்லாந்துக் கொடி தயார். பெட்டிகளை யாரும் தொடவே இல்லை. மாறியது கப்பலைப் பற்றிய விவரம் மட்டும்தான்.

தமிழில் இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் 'ஆயுதக் கடத்தல்' என்றே எழுதுகிறார்கள். அது பிழையில்லை, ஆனால் படத்தின் மையத்தில் இருப்பது அது மட்டுமல்ல. ஐ.நா. அறிக்கைகளும் ஆயுத ஒப்பந்தங்களும் இந்த வேலைக்கு வேறொரு சொல் வைத்திருக்கின்றன: டைவர்ஷன்.

சட்டப்படி தயாரித்து, சட்டப்படி விற்று, அல்லது ஒரு நாட்டின் ராணுவக் கிடங்கில் சட்டப்படி இருப்பில் இருந்த ஆயுதம், அனுமதியில்லாத கைக்கோ அனுமதியில்லாத பயன்பாட்டுக்கோ போய்ச்சேருவதுதான் டைவர்ஷன். கள்ளத் துப்பாக்கி என்றதும் ஏதோ ரகசியப் பட்டறையில் செய்தது என்று நினைத்துக்கொள்கிறோம். பட்டறைத் துப்பாக்கிகளும் உண்டுதான். ஆனால் உள்நாட்டுப் போர்களில் காணும் கலாஷ்னிகோவ் (ஏ.கே.) துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அரசுத் தொழிற்சாலைகளில் முறைப்படி செய்யப்பட்டவை. எங்கோ ஓரிடத்தில் ஒரு கையெழுத்தில் அவை வழிமாறியிருக்கும்.

சொல்லின் வேர் இலத்தீன். 'திவெர்த்தெரே' என்றால் ஒரு பக்கமாகத் திரும்புவது, விலகிப்போவது. விவாகரத்தைக் குறிக்கும் 'டிவோர்ஸ்' என்ற சொல்லும் இதே வினையிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின் இதற்குப் பல பொருள்கள் ஏற்பட்டன. மனத்தைக் கவலையிலிருந்து விலக்கும் பொழுதுபோக்கு டைவர்ஷன். எதிரியின் கவனத்தை வேறு முனைக்கு இழுக்கும் போலித் தாக்குதலும் டைவர்ஷன். சாலையில் பள்ளம் தோண்டியிருந்தால் வைக்கும் பலகையிலும் அதே சொல். ஆயுத வணிகத்தில் வழங்கும் பொருள் இவற்றிலிருந்து வேறானது: ஒருவருக்கென்று ஒதுக்கியதை இன்னொருவர் பக்கம் திருப்பிவிடுவது.

கடத்தலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 'கட' என்பது தன்வினை. 'கடத்து' அதன் பிறவினை. எல்லையைக் கடக்கச் செய்வது கடத்தல். ஈழத் தமிழில் 'கள்ளக்கடத்தல்' என்று இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். கடத்தலில் ஒளிப்பது சரக்கை: தங்கத்தைச் செருப்புக்குள் வைப்பார்கள், காவலில்லாத கரையில் படகை ஒதுக்குவார்கள். மடைமாற்றத்தில் சரக்கு வெளிப்படையாக, முத்திரையோடு, சுங்கத்தின் கண்முன்னே போகும். ஒளித்து வைப்பது போய்ச்சேரும் இடத்தை மட்டும்தான்.

1999 மார்ச்சில் உக்ரைனிலிருந்து 68 டன் ஆயுதங்களும் வெடிபொருள்களும் ஒரு பெரிய சரக்கு விமானத்தில் புர்க்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவுக்குப் போயின. ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தன. இவை புர்க்கினா ஃபாசோ பாதுகாப்பு அமைச்சகத்தின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே, அந்த நாடே கடைசிச் சேரிடம் என்று எழுதிய சான்றிதழும் இருந்தது. உக்ரைன் அதை நம்பி அனுமதி தந்தது. சரக்கு இறங்கிய சில நாள்களிலேயே அதை லைபீரியாவுக்கு ஏற்றத் தொடங்கினார்கள். ஏற்றிச்சென்ற விமானம் லியோனிட் மினின் என்ற தொழிலதிபருடையது. அதற்கு முன் ஓர் அமெரிக்கக் கூடைப்பந்து அணியிடம் இருந்த ஜெட். லைபீரியா மீது 1992 முதலே ஐ.நா. ஆயுதத் தடை இருந்தது. அங்கிருந்து அடுத்த கை, பக்கத்து நாடான சியரா லியோனின் ஆர்.யு.எஃப். கிளர்ச்சிப் படை. பொதுமக்களின் கைகளை வெட்டியதற்காக உலகம் அறிந்த படை அது.

2000 டிசம்பரில் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை இந்தப் பயணத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்கிறது. படத்தில் ஆந்த்ரே பாப்டிஸ்ட் என்ற சர்வாதிகாரி வருகிறானே, அவன் வழியாக நினைவுக்கு வருபவர் அன்றைய லைபீரிய அதிபர் சார்லஸ் டெய்லர். அவருக்கு 2012-ல் 50 ஆண்டு சிறை கிடைத்தது. மினின் 2000-ஆம் ஆண்டில் மிலான் அருகே ஒரு விடுதியில் கைதானார். அறையில் ஆயுதப் பேர ஆவணங்கள் கட்டுக் கட்டாகக் கிடைத்தன. ஆனால் அந்த ஆயுதங்கள் இத்தாலி மண்ணைத் தொடவே இல்லை என்பதால் ஆயுத வழக்கை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று இத்தாலிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. எல்லையைக் கடப்பதையே குற்றமாகப் பார்க்கும் சட்டத்துக்கு மடைமாற்றியவரைப் பிடிக்கத் தெரியவில்லை.

மேலே சொன்ன சான்றிதழின் பெயர் எண்ட் யூசர் சர்ட்டிஃபிகேட். 'இறுதிப் பயனாளர் சான்று' என்று தமிழில் எழுதலாம். 'பயனர்' என்று எழுதினால் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் நினைவு வந்துவிடுகிறது. அதைத் தவிர்ப்பது நல்லது. இது விற்கும் நாடு தரும் அனுமதி அல்ல, வாங்கும் நாடு தரும் வாக்குறுதி. அந்த வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா என்று பின்னால் போய்ப் பார்க்கிறவர்கள் குறைவு. போலிச் சான்றும் உண்டு. உண்மையான அதிகாரியே கையெழுத்திட்ட பொய்ச் சான்றும் உண்டு.

இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. 1995 டிசம்பர் 17 இரவு, மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் ஓர் அன்டோனோவ் விமானத்திலிருந்து நூற்றுக்கணக்கான ஏ.கே. துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் பாராசூட்டில் விழுந்தன. காலையில் கிராமத்து மக்கள்தான் முதலில் பார்த்தார்கள். அந்த ஆயுதங்கள் பல்கேரியாவில் வாங்கப்பட்டவை. இறுதிப் பயனாளராகத் தாளில் காட்டியிருந்த நாடு வங்கதேசம்.

இனி, தமிழில் எந்தச் சொல் பொருந்தும்? அகராதிகளைப் பார்த்தால் திசைதிருப்பல், மாற்றுப்பாதை, திருப்பிவிடல் என்று கிடைக்கும். 'திசைதிருப்பல்' இன்று பெரும்பாலும் கவனத்தோடும் பேச்சோடும் ஒட்டிக்கொண்டது. 'மாற்றுப்பாதை' சாலைப் பலகைக்குச் சரி. அதில் ஊர் மாறாது, வழிதான் மாறும். 'கைமாற்று' என்றால் சில்லறைக் கடன்.

'மடைமாற்றம்' இவை எல்லாவற்றையும்விடப் பொருந்துகிறது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊரில், ஒருவர் வயலுக்குப் போகும் மடையை இரவோடு இரவாக மண்வெட்டியால் அடைத்து, தன் வயல் பக்கம் வெட்டிவிடுவது உண்டு. தண்ணீர் திருட்டுத் தண்ணீர் அல்ல. அணையிலிருந்து முறையாகத் திறந்துவிட்டதுதான். வாய்க்காலும் பொது வாய்க்கால்தான். வெட்டிய ஓரிடம் மட்டும்தான் குற்றம். ஆயுதத்திலும் அப்படியே. செய்தித்தாள்கள் இந்தச் சொல்லை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டன. பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்ட நிதியை வேறு செலவுக்குத் திருப்பினால் 'நிதி மடைமாற்றம்' என்று எழுதுகிறோம். ஒதுக்கியவருக்குச் சேராமல் போனது என்ற பொருள் அதில் தெளிவாக விழுகிறது.

ஒரு தடையும் உண்டு. 'இளைஞர்களின் ஆற்றலை விளையாட்டின் பக்கம் மடைமாற்றுவோம்' என்று நல்ல பொருளிலும் சொல்கிறார்கள். ஆகவே முதல் முறை வரும்போது 'ஆயுத மடைமாற்றம்' என்று முழுதாக எழுதுவதே சரி. 2013-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற ஆயுத வணிக ஒப்பந்தத்தின் 11-ஆம் பிரிவுக்கு டைவர்ஷன் என்றே தலைப்பு. அன்றைய வாக்கெடுப்பில் இந்தியா கலந்துகொள்ளாமல் ஒதுங்கியது. அந்தப் பிரிவைத் தமிழாக்கினால் 'மடைமாற்றம்' என்றே தலைப்பிடுவேன்.

வினையாக எழுதும்போது கவனம் வேண்டும். 'ஆயுதங்கள் மடைமாறின' என்று எழுதினால் அவை தாமாகவே வழி தவறிப் போனதுபோல் ஆகிவிடும். தரகர் மடைமாற்றினார், அமைச்சகம் மடைமாற்றியது, தளபதி மடைமாற்றினார் என்று எழுவாயோடு எழுத வேண்டும். யார் என்று தெரியாத இடத்தில் 'மடைமாற்றப்பட்ட ஆயுதங்கள்'.