ஹானர் போர்டு: தியாகிகள் பலகை அல்ல

ஆஸ்திரேலியாவில் பல ஊர் மன்றங்களின் சுவரில் மெருகேற்றிய மரப்பலகை ஒன்று மாட்டியிருக்கும். மேலே 1914–1918 என்று முதல் உலகப் போரின் ஆண்டு, கீழே பொன்னிற எழுத்தில் வரிசையாகப் பெயர்கள். இதை அங்கே 'ஹானர் போர்டு' என்பார்கள். தமிழில் குறிப்பு எழுதுகிறவர்கள் 'தியாகிகள் பலகை' என்கிறார்கள். மூன்றாவது முறையாகப் பார்த்தபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஹானர் இலத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மதிப்பு, பெருமை என்று பொருள். மன்றத் தலைவர்கள், போட்டியில் வென்றவர்கள் பெயர்களை எழுதும் பலகைக்கும் இதே பெயர்தான்.

இனி தியாகிக்கு வருவோம். அந்தப் பலகையில் இருப்பவர்கள் எல்லாரும் இறந்தவர்கள் அல்லர். அந்த ஊரிலிருந்து படையில் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் உயிரோடு திரும்பி, அதே மன்றத்தில் தங்கள் பெயரைத் தாங்களே பார்த்தார்கள். இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பல பலகைகளில் சிறு சிலுவையோ நட்சத்திரமோ இருக்கும். எல்லாரையும் தியாகி ஆக்கிவிட்டால் அந்தக் குறிக்கு என்ன வேலை? இன்னொன்று: போர் முடியும் முன்பே திறந்துவைத்த பலகைகள் உண்டு. ஆள் சேரச் சேரப் பெயர் ஏறியது. ஆகவே 'நினைவுப் பலகை' என்பதும் பொருந்தாது.

தியாகி என்றால் இறந்தவர்தானா, ஓய்வூதியம் வாங்கிய விடுதலைப் போராட்டத் தியாகிகள் இல்லையா என்று கேட்கலாம். சரி. ஆனால் போர் என்ற சொல்லோடு சேர்ந்ததும் தியாகி நம் காதில் உயிர்விட்டவராகவே விழுகிறது.

அங்கே அன்று கட்டாயப் படைச்சேர்ப்புக்கு 1916-லும் 1917-லும் வாக்கெடுப்பு நடத்தி, இரண்டு முறையும் மக்கள் மறுத்தார்கள். வெளிநாட்டுப் போருக்குப் போனவர்கள் தாமாகச் சேர்ந்தவர்கள். ஊர் பெருமைப்பட்டது அந்தப் புறப்பாட்டுக்கு. இறந்தவர்களை மட்டும் சொல்லும் வரிசை வேறு: கான்பெராவின் போர் நினைவகத்தில் வெண்கலத் தகடுகளில் இருக்கிறது. அதன் பெயர் 'ரோல் ஆஃப் ஹானர்'. இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தால் வாசகர் குழம்புவார்.

'கௌரவப் பலகை' இன்னும் மோசம். கௌரவ விரிவுரையாளர், கௌரவத் தலைவர் என்று அந்தச் சொல்லை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டோம். 'நடுகல்' என்று எழுதியவரின் ஆசை எனக்குப் புரிகிறது. "பெயரும் பீடும் எழுதி" என்று அகநானூறு சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அதுவும் வீழ்ந்தவனுக்கு நட்ட கல்.

நம் ஊர்களிலேயே இதற்கு உறவுள்ள கல்வெட்டு உண்டு. இந்த ஊரிலிருந்து பெரும் போருக்கு இத்தனை பேர் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று பிரிட்டிஷ் அரசு பதித்த கல். பெயர்கள் இல்லை, எண்கள்தான். ஆனாலும் சென்றவரையும் இறந்தவரையும் அது தனித்தனியாக எண்ணியது. அந்தக் கல்லை ஒருமுறை படித்தவர் 'தியாகிகள் பலகை' என்று எழுதமாட்டார்.

என் சொல் 'போருக்குச் சென்றோர் பலகை'. நீளம்தான், ஆனால் பலகையில் இருப்பதை மட்டும் சொல்கிறது. தலைவர்கள், வெற்றியாளர்கள் பெயருள்ள பலகைக்குப் 'பெருமைப் பலகை' போதும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்குமுன் பலகைக்கு முன்னால் போய் நின்று, எந்தப் பெயருக்கெல்லாம் பக்கத்தில் சிலுவை இல்லை என்று பார்க்கட்டும்.